மேக்ஸ்வெலின் சமன்பாடுகளுக்குள் ஐட்லர் கியர் இருந்ததா?

கடைசல்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு மில்லிங், பழைய கியர் ஹாப்பிங் மெஷின் ஒன்று. பல்சக்கரம் வெட்டுவதுதான் என் பிழைப்பில் பாதி. இயற்பியல் எனக்குப் பள்ளியோடு நின்றுவிட்டது, ஆனால் ஆசை நிற்கவில்லை.

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மின்தேக்கியின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் கம்பியே இல்லாத இடத்திலும் 'இடப்பெயர்ச்சி மின்னோட்டம்' என்று ஒன்று இருப்பதாகப் பாடம். "இதை மேக்ஸ்வெல் கியர் சக்கரங்களை வைத்துத்தான் யோசித்தாராம் அப்பா" என்று ஒரு படத்தைக் காட்டினாள். தேன்கூடு மாதிரி அறுகோணங்கள், அவற்றின் இடுக்குகளில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது, அந்தச் சின்ன வட்டங்கள் ஐட்லர் கியர், அதாவது இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் நின்று சுற்றைக் கடத்தும் இடைச்சக்கரம் என்றுதான்.

அது உண்மையிலேயே கியர்தானா? கியரிலிருந்து எப்படி மின்சாரமும் வெளிச்சமும் வரும்? இன்றைய இயற்பியலில் பல்சக்கரத்துக்கு வேறு எங்காவது இடம் இருக்கிறதா? முடிந்தால் அவளுடைய பள்ளிக் கண்காட்சிக்கு நான் கையால் செய்து தரக்கூடிய ஒன்றையும் சொல்லுங்கள். கணக்கு கொஞ்சம் வந்தாலும் பரவாயில்லை.

பழைய வாத்தியார் எழுதியது:

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அவை ஐட்லர்களேதான். மேக்ஸ்வெலே அந்தப் பெயரைப் பட்டறையிலிருந்து எடுத்துத்தான் தன் கட்டுரையில் போட்டார். நீராவி எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சீமென்ஸ் கவர்னரில் மையம் நகரக்கூடிய ஐட்லர் இருக்கிறதே என்று உதாரணமும் காட்டினார். 1861, 1862-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது 'பிலசாபிகல் மேகசின்' இதழில் பகுதி பகுதியாக வந்த கட்டுரை அது. நான் பல வருடம் மின்காந்தவியல் நடத்தியவன். எந்தப் பாடநூலும் இதை ஒழுங்காகச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காந்தப்புலக் கோடு ஒவ்வொன்றையும் அச்சாகக் கொண்டு வெளியில் குட்டிக் குட்டிச் சுழல்கள் சுற்றுவதாக அவர் வைத்துக்கொண்டார். புலம் வலுவாக இருந்தால் சுழல் வேகமாகச் சுற்றும். பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒரே பக்கம் நோக்குகின்றன என்றால் எல்லாச் சுழல்களும் ஒரே திசையில் சுற்றியாக வேண்டும். இங்கேதான் சிக்கல். இரண்டு சக்கரங்களைப் பல்லோடு பல் கோத்து நேராக மெஷ் செய்தால் அவை எதிரெதிர்த் திசையில்தானே சுற்றும்? உங்கள் லேத்தில் லீட் ஸ்க்ரூவின் திசையை மாற்ற டம்ளர் கியரில் என்ன செய்கிறீர்களோ அதையே அவரும் செய்தார். ஒவ்வொரு ஜோடிச் சுழலுக்கும் நடுவில் ஓர் ஐட்லரைப் போட்டார்.

அடுத்த படிதான் அபாரம். உங்கள் ஐட்லர் ஒரு ஸ்டட்டில் மாட்டப்பட்டிருக்கும், மையம் அசையாது. மேக்ஸ்வெல் அந்த ஸ்டட்டைக் கழற்றிவிட்டார். இப்போது இரு பக்கத்துச் சக்கரங்களும் ஒரே வேகத்தில் ஓடினால் ஐட்லர் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் வேகமாக ஓடினால்? ஐட்லரின் மையமே நகர ஆரம்பிக்கும். எவ்வளவு வேகத்தில்? இரண்டு விளிம்பு வேகங்களின் வித்தியாசத்தில் பாதி. பேனாவை எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம், ஒரு வரிக் கணக்கு.

அந்த ஐட்லர்களின் ஓட்டம்தான் மின்னோட்டம் என்றார் அவர். ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் காந்தப்புலம் குறிப்பிட்ட விதத்தில் மாறினால் அங்கே மின்னோட்டம் இருந்தாக வேண்டும். மின்னோட்டம் இருந்தால் அதன் இரு பக்கமும் புலம் மாறித்தான் ஆக வேண்டும். ஆம்பியர் விதி என்று மகள் படிக்கிறாளே, அது அப்படியே இங்கே கியர் கணக்காக வந்து நிற்கிறது. சுழல்களுக்கு நிறை உண்டு, சட்டென்று வேகம் பிடிக்காது. அதனால் ஐட்லர் வரிசை கிளம்பும்போது தொலைவில் இருக்கும் மற்றொரு ஐட்லர் வரிசை எதிர்ப்பக்கம் உந்தப்படும். ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் அதுதான்.

இனி மின்தேக்கிக்கு வருவோம். படத்தில் மகள் காட்டிய அறுகோணங்கள்தான் சுழல்கள், அவற்றை அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோகத்தில் ஐட்லர்கள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகலாம். மின்கடத்தாப் பொருளில் போக முடியாது. ஆனால் அறைகள் இரும்பு மாதிரி இறுகியவை அல்ல, ரப்பர் போல் கொஞ்சம் வளையும் என்று வைத்தால், ஐட்லர்கள் இருந்த இடத்திலிருந்து இம்மியளவு தள்ளிப் போய் நிற்கும். தள்ளிப் போகிற அந்த நேரத்தில் மட்டும் ஒரு ஓட்டம் இருக்கும். அதுதான் இடப்பெயர்ச்சி மின்னோட்டம். 1862-ல் வந்த மூன்றாம் பகுதியில் இது இருக்கிறது.

நிறையும் மீள்தன்மையும் சேர்ந்த எந்தப் பொருளிலும் அலை ஓடும். அப்படியானால் இதில் ஓடும் அலையின் வேகம் என்ன என்று அவர் கேட்டார். 1861 கோடையில் ஸ்காட்லாந்தில் தன் சொந்த ஊரான க்ளென்லேரில் இருந்தபோது சூத்திரத்தைப் போட்டு முடித்துவிட்டார். எண்களைப் பார்த்தது பிறகுதான். அந்த அக்டோபரில் ஃபாரடேக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். வேபர், கோல்ராவுஷ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர்கள் 1856-ல் லெய்டன் ஜாடி என்ற பழைய வகை மின்தேக்கியை வைத்து, மின்னூட்டத்தை அளக்கும் இரண்டு அலகு முறைகளுக்கு இடையிலான விகிதத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒளிக்கும் அந்தச் சோதனைக்கும் துளிச் சம்பந்தமில்லை. அந்த எண்ணைத் தன் சூத்திரத்தில் போட்டால் நொடிக்கு 3,10,740 கி.மீ. வந்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ ஒளிக்கு அளந்திருந்ததாக அவர் எடுத்துக்கொண்ட வேகம் 3,14,858 கி.மீ. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. மின்சாரமும் காந்தமும் எந்த ஊடகத்தில் இருக்கின்றனவோ அதிலேதான் ஒளியும் அலையாக ஓடுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்த இடத்தில்தான். இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

உங்களுக்கென்றே இன்னொரு செய்தி. ஃபிசோ 1849-ல் ஒளியின் வேகத்தை அளந்ததும் ஒரு பல்சக்கரத்தால்தான்! பாரிசுக்கு வெளியே சுரேனில் ஒரு வீடு, 8,633 மீட்டர் தள்ளி மோன்மார்த்தரில் ஒரு கண்ணாடி. கருவி செய்பவரான ஃப்ரோமன் செய்து கொடுத்த, எடைக்கல்லால் ஓடும் சக்கரத்தில் 720 பற்கள். பல்லும் இடைவெளியும் சம அகலம். ஓர் இடைவெளி வழியாகப் போன ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதற்குள் அடுத்த பல் வந்து மறைத்தால் இருட்டு. நொடிக்கு 12.6 சுற்றில் முதல் இருட்டு வந்தது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அடுத்த இடைவெளி வந்து மறுபடி வெளிச்சம்.

கணக்கு: சக்கரம் ஒரு பல்லின் அகலம் நகர ஆகும் நேரம் 1-ஐ 2 × 720 × 12.6 ஆல் வகுத்தால் கிடைக்கும். அதாவது 18,144-ல் ஒரு பங்கு நொடி. அதற்குள் ஒளி போய் வந்த தூரம் 17,266 மீட்டர். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 3,13,000 கி.மீ. இன்றைய மதிப்பு 2,99,792.458. 170 வருடத்துக்கு முன் ஒரு சக்கரத்தையும் வெறும் கண்ணையும் வைத்து ஐந்து சதவீதத்துக்குள் வந்துவிட்டார்கள்.

குறிஞ்சி எழுதியது:

வாத்தியார் ஐயா அருமையாக எழுதிவிட்டார். இன்றைய இயற்பியலைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கு நான் ஒன்று சொல்கிறேன். நான் காந்தப் பொருள்களில் ஆராய்ச்சி செய்கிறவள்.

மூன்று கியர்களை முக்கோணமாக, ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடும் மெஷ் ஆகும்படி வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்றும் இறுகிவிடும். முதலாவது வலம், இரண்டாவது இடம், மூன்றாவது இரண்டுக்கும் எதிராகச் சுற்ற முடியாது. நான்கை வட்டமாக வைத்தால் ஓடும், ஐந்து ஓடாது. வளையத்தில் ஒற்றைப்படை வந்தால் பூட்டுதான்.

சில படிகங்களில் அணுக்கள் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தமாக இருந்து, பக்கத்து அணு தனக்கு எதிர்ப்பக்கம் நோக்க வேண்டும் என்று விரும்பும். சதுரக் கட்டமாக இருந்தால் சிக்கலே இல்லை. முக்கோணக் கட்டமாக இருந்தால் உங்கள் மூன்று கியர் கதைதான். ஆனால் அணுக்காந்தங்கள் கியர் மாதிரி இறுகி நிற்பதில்லை. மூன்று பிணைப்பில் ஒன்றை விட்டுக்கொடுத்துவிடும். எதை விட்டுக்கொடுப்பது என்பதற்குப் பல வழி இருக்கிறது. மேல், கீழ் என இரண்டே திசை உள்ள மூன்று காந்தங்களுக்கு மொத்தம் 8 அமைப்பு, அதில் 6 அமைப்புக்குச் சமமான குறைந்த ஆற்றல். படிகம் முழுவதும் இப்படியென்றால் எத்தனை கோடி கோடி அமைப்புகள் என்று பாருங்கள். அதனால் தனிச்சுழி வெப்பநிலைக்குக் கொண்டுபோனாலும் இந்த மாதிரியில் ஒழுங்கின்மை மிச்சமிருக்கும் என்று வான்னியர் 1950-ல் கணக்கிட்டுக் காட்டினார்.

ஸ்பின் கிளாஸ், ஸ்பின் ஐஸ் என்று இன்று நாங்கள் ஆராயும் காந்தப் பொருள்களின் அடிப்படையில் இருப்பது இந்த விட்டுக்கொடுத்தல்தான். ஸ்பின் கிளாஸ் கணிதத்துக்கும் பங்கு கொடுத்துத்தான் 2021-ல் பாரிசிக்கு நோபல் பரிசு தந்தார்கள். புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் மேசையில் வைத்துக் காட்டுவது மூன்று பிளாஸ்டிக் கியர்களைத்தான். சமன்பாடு அதற்குப் பிறகு.

தென்றல் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். ஒளி ஓடுவதற்கென்று வெளி முழுதும் நிறைந்திருப்பதாக நினைத்த ஊடகமான ஈதர் என்று ஒன்றே இல்லை என்று பிற்பாடு ஆகிவிட்டதே. சுழலும் இல்லை, ஐட்லரும் இல்லை. பொய்யான படத்திலிருந்து சரியான சமன்பாடு வந்தது தற்செயல் என்றுதானே சொல்ல வேண்டும்? பிறகு ஏன் கியரை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

பழைய வாத்தியார் எழுதியது:

தென்றல், தற்செயல் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஐட்லர் சுழலோடு வழுக்காமல் உருளுகிறது என்பது செயற்கையாகத்தான் இருக்கிறது, இயற்கையில் இப்படித்தான் இணைப்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை என அந்தக் கட்டுரையிலேயே மேக்ஸ்வெல் எழுதியிருக்கிறார். படம் எதற்கு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

கியர் ரயிலில் எது முக்கியம்? எஃகா பித்தளையா, மாட்யூல் (பல்லின் அளவு) என்ன என்பதா? இல்லை. 'இது இவ்வளவு நகர்ந்தால் அது இவ்வளவு நகர்ந்தே தீரும்' என்ற கட்டாயம்தான் முக்கியம். மேக்ஸ்வெல் தேடியது அந்தக் கட்டாயங்களின் பட்டியலை. கியரில் ஒன்றுக்கொன்று முரணான கட்டாயங்களைப் போட்டால் மெஷின் ஓடாது, குறிஞ்சி சொன்ன மாதிரி பூட்டிக்கொள்ளும். அதனால் ஓடுகிற ஒரு கியர் படத்தை வரைய முடிந்தாலே, நம் விதிகள் ஒன்றோடொன்று மோதவில்லை என்பதற்கு அது சாட்சி. அப்புறம் 1865-ல் வெளிவந்த அடுத்த கட்டுரையில் சக்கரங்களை எடுத்துவிட்டு, லக்ராஞ்சியின் முறையில் ஆற்றலையும் கட்டாயங்களையும் மட்டும் வைத்து அதே சமன்பாடுகளைக் கொண்டுவந்தார். அதைத்தான் ஹெர்ட்ஸ் 1880-களின் கடைசியில் மின்காந்த அலையை உண்டாக்கிக் காட்டி உறுதி செய்தார்.

பிறகும் சக்கரத்தை யாரும் முழுதாக விட்டுவிடவில்லை. டப்ளினில் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1885-ல் ஒரு பலகையில் வரிசையாகச் சக்கரங்களைப் பொருத்தி, ரப்பர் பட்டையால் இணைத்து மின்காந்தப் புலத்தின் மாதிரியைச் செய்தார். போல்ட்ஸ்மனும் 1891 வாக்கில், காரின் இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிடும் டிஃபரன்ஷியல் கியரை வைத்து மின்தூண்டலைக் காட்டும் கருவி ஒன்றைச் செய்ய வைத்தார். எல்லோரும் கணிதத்தில் பெரிய ஆட்கள்தான். ஆனாலும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

ஒளிவட்டு எழுதியது:

சின்னச் செய்தி ஒன்று. ஃபிசோவின் சக்கரம் இன்னும் ஆய்வகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. லேசர் பாதையில் நாங்கள் வைக்கும் ஆப்டிகல் சாப்பர் அதன் பேரன்தான். பல் வெட்டிய மெல்லிய தகடு, சின்ன மோட்டார். ஒளியைக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வெட்டி அனுப்பி, லாக்-இன் ஆம்ப்ளிஃபையரில் அந்த அதிர்வெண்ணை மட்டும் பொறுக்கி எடுத்தால், இரைச்சலுக்குள் புதைந்திருக்கும் சின்னஞ்சிறு சிக்னலும் கிடைத்துவிடும். நியூட்ரான்களை வேகம் வாரியாகப் பிரிக்கவும் சுழலும் தகடுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கடைசல்காரன் எழுதியது:

படித்துவிட்டுச் சாப்பிடப் போகவே மனம் வரவில்லை. எல்லோருக்கும் நன்றி.

720 பல் என்றதும் என் மனம் உடனே டிவைடிங் ஹெட்டுக்குப் போனது, வட்டத்தைச் சம பங்காகப் பிரித்துப் பல் வெட்ட உதவும் கருவி அது. கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று சுற்றும் 40-க்கு 1 ஹெட்டில் 40-ஐ 720 ஆல் வகுத்தால் 18-ல் ஒன்று. 18 துளை வட்டத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே ஒரு துளை நகர்த்தினால் போதும். பெரிய விட்டமாக எடுத்தால் நானே வெட்டிவிடுவேன். ஐட்லர் கணக்கையும் போட்டுப் பார்த்தேன் ஐயா, வித்தியாசத்தில் பாதிதான் வருகிறது. இது அப்படியே கார் டிஃபரன்ஷியல் கணக்குத்தானே?

மகள் இன்னொன்று கேட்கிறாள். பத்துக்கு ஒன்று என்று கியர்களை அடுக்கிக்கொண்டே போனால் கடைசிச் சக்கரத்தின் விளிம்பு ஒளியைவிட வேகமாகப் போகாதா? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி, பாப்பாவுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். கணக்கில் அவள் சொல்வது வரும். முதல் தண்டு நொடிக்கு ஒரு சுற்று, பத்து அடுக்கு, கடைசிச் சக்கரத்தின் ஆரம் ஒரு சென்டிமீட்டர் என்றால் விளிம்பு வேகம் ஒளியைப்போல் இரண்டு மடங்கு வந்துவிடும். காகிதத்தில் மட்டும்.

ஒவ்வோர் அடுக்கிலும் வேகம் 10 மடங்கு கூடினால், அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் நிலைமம் இந்தப் பக்கத்தில் 100 மடங்காகத் தெரியும். பத்து அடுக்குக்கு 1-க்குப் பின்னால் 20 சுழியம். முதல் தண்டைத் திருப்பவே முடியாது, அதற்கு முன் பல் உடையும். இதே இருபடிக் கணக்கு டிரான்ஸ்ஃபார்மரிலும் வரும். சுற்றுகளின் விகிதத்தின் இருபடியில்தான் அடுத்த பக்கத்துச் சுமை இந்தப் பக்கம் தெரியும். அவள் பாடத்திலேயே அதைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது தவிர, சுழலும் வளையத்தில் உண்டாகும் இழுவிசைத் தகைவு என்பது அடர்த்தியை வேகத்தின் இருபடியால் பெருக்கினால் வருவது. எஃகுக்கு நொடிக்கு 350 மீட்டர் வைத்தாலே 1 ஜிகாபாஸ்கலை நெருங்கிவிடும். நல்ல எஃகும் அங்கேயே திணறும். ஒளியின் வேகம் அதைப்போல் எட்டரை லட்சம் மடங்குக்கு மேல்.

இதெல்லாம் இல்லாவிட்டாலும் ஐன்ஸ்டைன் விடமாட்டார். ஒரு பல்லைத் தள்ளினால் அடுத்த முனைக்கு அந்தச் செய்தி உடனே போவதில்லை. தண்டின் முறுக்கு எஃகில் நொடிக்குச் சுமார் 3,200 மீட்டர் வேகத்தில்தான் பயணிக்கும். முழுக்க இறுகிய பொருள் என்று சார்பியலில் ஒன்று கிடையாது.

கண்காட்சிக்கு வருகிறேன். டிஃபரன்ஷியல் என்று நீங்களே பிடித்துவிட்டீர்கள். மேக்ஸ்வெலே 1876-ல் மின்தூண்டலைக் காட்ட டிஃபரன்ஷியல் வைத்த ஒரு மாதிரியைச் செய்ய வைத்தார், கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருக்கிறது. அதையே செய்யுங்கள். பழைய இரும்புக் கடையில் கார் டிஃபரன்ஷியல் ஒன்றை வாங்கி, ஓட்டும் பினியனைக் கழற்றிவிட்டு, கிரவுன் வீலோடு சேர்ந்த கூண்டு தடையில்லாமல் சுற்றும்படி இரண்டு பேரிங்கில் உட்கார வையுங்கள். கூண்டின் மேல் எதிரெதிராக இரண்டு கம்பிக் கைகள், அவற்றில் நகர்த்தி இறுக்கும்படி இரண்டு எடைக்கட்டிகள். இடது அரைத்தண்டில் ஒரு கைப்பிடி, அது முதன்மைச் சுருள். வலது அரைத்தண்டில் ஒரு தட்டு, அதன்மேல் லேசாக உரசும் ஒரு தோல் பட்டை. அந்தத் தட்டு துணைச் சுருள், உரசல் அதன் மின்தடை.

கைப்பிடியைச் சட்டென்று சுற்றத் தொடங்கினால் கனமான கூண்டு உடனே கிளம்பாது. அதனால் வலப்பக்கத் தட்டு எதிர்த்திசையில் ஓடும். சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் உரசல் தட்டை நிறுத்திவிடும், கூண்டு கைப்பிடியின் பாதி வேகத்தில் ஓடும். கைப்பிடியை நிறுத்தினால் கூண்டு ஓடிக்கொண்டே இருப்பதால் தட்டு இப்போது கைப்பிடி சுற்றிய அதே திசையில் ஒரு முறை உதறும். மின்சுற்றில் சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் கால்வனாமீட்டர் முள் இரண்டு பக்கம் துள்ளுமே, அதேதான். எடைக்கட்டிகளை வெளியே தள்ளி வைத்தால் துள்ளல் கூடும். இரண்டு சுருள்களையும் நெருக்கி வைத்ததற்கு அது சமம்.

கார் டிஃபரன்ஷியலின் பழைய கிரீஸை முழுதாகக் கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் மட்டும் போடுங்கள். கிரீஸ் இருந்தால் கூண்டும் தட்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும், எதிர்த்திசைத் துள்ளல் கண்ணுக்குத் தெரியாது. கைகள் ஒவ்வொன்றும் ஒரு முழ நீளமாவது இருக்கட்டும். சுற்றி ஒரு கம்பி வேலியும் வையுங்கள், பிள்ளைகள் கிட்டே வருவார்கள்.